மான் வேட்டைக்கு எந்த பைனாகுலர் - எட்டா, பத்தா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டை சீசன் தொடங்குகிறது என்றால் பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டு விடுவார்கள். நம்ப முடியவில்லையா? உண்மைதான். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமைதான் அங்கே பல பத்தாண்டுகளாகத் துப்பாக்கி சீசனின் முதல் நாள். 2019-இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை லீவைப் பல பள்ளிகள் கைவிடவில்லை. அப்பாவும் பிள்ளையும் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு விடிவதற்கு முன்னே காட்டுக்குள் போய் உட்கார்ந்து விடுவார்கள்.

அதற்கு முந்தின வாரங்களில் வேட்டைச் சாமான் விற்கும் கடைகளில் நல்ல கூட்டம் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் பைனாகுலர்கள். 8×42, 10×42, 12×50... வாங்க வந்தவர் எட்டை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். பிறகு பத்தை எடுப்பார். எதிர்ச்சுவரில் தொங்கும் விலை அட்டை பத்தில் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே காசுக்குப் பத்து கிடைக்கும்போது எட்டை எதற்கு வாங்குவானேன்? பில் போட்டாயிற்று. இதைவிட நியாயமான முடிவு இருக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அது தவறான முடிவு. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர், பைனாகுலருக்கென்று 200 முதல் 500 டாலர் வரை ஒதுக்கி வைத்திருக்கிறவர், வாங்க வேண்டியது எட்டு மடங்குதான். ஏழு கிடைத்தால் ஏழும் நல்லதே. பன்னிரண்டு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

(வேட்டையே தேவையா என்று சிலர் கேட்பார்கள். அது தனி விவாதம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பேச்சே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் அது உரிமம், சீசன், எண்ணிக்கை வரம்பு என்று சட்டத்துக்குள் நடக்கும் விஷயம். அதைச் செய்கிறவர்கள் சரியாகப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதில் வேட்டையை எதிர்ப்பவருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. இந்தக் கட்டுரை அந்த 'சரியாகப் பார்த்து' என்ற இரண்டு சொற்களைப் பற்றியது.)

முதலில் அந்த எண்கள். 8×42 என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். இது பலருக்கும் தெரியும். எட்டு மடங்கு என்பதைக் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கலாம். 80 கஜம் தள்ளி நிற்கும் மான் எட்டு மடங்கில் 10 கஜத்தில் நிற்பது போலத் தெரியும். பத்து மடங்கில் 8 கஜத்தில் நிற்பது போலத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம், இரண்டு கஜம்! எட்டுக்கும் பத்துக்கும் ஏதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் மாதிரி கடைக்காரர் பேசுவார். கிழக்குக் காடுகளிலோ மரங்கள் நெருக்கம். பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் மான் கண்ணில் படும், அதுவும் கிளைகளுக்கு நடுவே. 10 கஜத்தில் நிற்கிற மானை அடையாளம் தெரியாத ஒருவருக்கு 8 கஜத்தில் மட்டும் தெரிந்துவிடப் போகிறதா என்ன?

அந்த இரண்டு கஜத்துக்குக் கொடுக்கும் விலை என்ன என்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முதல் விலை, கை நடுக்கம். உருப்பெருக்கம் மானை மட்டும் பெரிதாக்குவதில்லை. கையின் நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. வீட்டு வரவேற்பறையில் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்க்கும்போது பத்து மடங்கு அசையாமல் நிற்கும். மேடு ஏறி மூச்சு வாங்க நிற்கும்போது, விரல்கள் குளிரில் விறைத்திருக்கும்போது, இத்தனை நாள் காத்திருந்த மான் எதிரே வந்துவிட்டதே என்று நெஞ்சு படபடக்கும்போது எடுத்துப் பாருங்கள். கொம்பின் நுனி ஒன்றா இரண்டா என்று எண்ணவே முடியாது. படம் குதித்துக்கொண்டே இருக்கும். சாய்ந்துகொள்ள ஒரு மரமோ முக்காலியோ இருந்தால் பத்து தாராளமாக எட்டை வெல்லும், சந்தேகமில்லை. வெறும் கையில் அந்தக் கூடுதல் இரண்டு மடங்கில் பெரும்பகுதியைக் கையே தின்றுவிடுகிறது.

இரண்டாவது விலை, வெளிச்சம். இதுதான் முக்கியமானது. இதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஒரு பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து, வானத்தைப் பார்த்தபடி கண்ணருகு லென்ஸை நோக்கினால் நடுவில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். பைனாகுலருக்குள் நுழைந்த வெளிச்சமெல்லாம் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. அதன் விட்டத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம். முன்பக்க லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் போதும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர். 42-ஐ 10-ஆல் வகுத்தால் 4.2 மில்லிமீட்டர்.

இனி மனிதக் கண்ணுக்கு வருவோம். நல்ல பகல் வெளிச்சத்தில் கண்ணின் பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இருட்டில் விரியும். இளைஞர்களுக்கு ஏழு மில்லிமீட்டர் வரைகூட விரியலாம். வயதாக ஆக இது குறையும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு ஐந்துக்கு மேல் போகாது. கடைக்குள்ளே பளீரென்று குழல் விளக்குகள் எரிகின்றன. வாங்க வந்தவரின் பாவை மூன்று மில்லிமீட்டர். பைனாகுலர் தருவது 4.2 ஆக இருந்தால் என்ன, 5.25 ஆக இருந்தால் என்ன? உள்ளே போவது மூன்றுதான். மீதி கண்ணைச் சுற்றி வீணாகப் போகிறது. ஆகவே இரண்டும் ஒரே பிரகாசமாகத் தெரியும். எட்டு தோற்றுப் போகிற ஒரே இடம் கடைதான். பாவம், அங்கேதான் அதை விற்க வேண்டியிருக்கிறது!

ஆனால் மான் கடை வெளிச்சத்தில் வருவதில்லை. வெள்ளைவால் மான் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். பென்சில்வேனியா உட்படப் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு அனுமதிக்கப்பட்ட நேரம், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து மறைவுக்கு அரை மணி பின் வரை. அதாவது நாளின் மிக முக்கியமான இரண்டு அரை மணி நேரங்களும் மங்கலான வெளிச்சத்தில்தான். அப்போது பாவை விரிந்திருக்கும், பைனாகுலர் தருகிற வெளிச்சம் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். வெளிச்சத்தின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 5.25-க்கு 27.6, 4.2-க்கு 17.6. எட்டில் ஐம்பது சதவீதத்துக்கும் மேல் அதிக வெளிச்சம்! பாவை ஐந்து மில்லிமீட்டர் மட்டுமே விரியும் அப்பாவுக்குக்கூட நாற்பது சதவீதம் அதிகம் கிடைக்கும்.

"அப்படியானால் 10×50 வாங்கிக்கொள்கிறேனே, அதிலும் ஐந்து மில்லிமீட்டர் வருகிறதே" என்று கணக்குத் தெரிந்தவர் மடக்குவார். வருகிறது, ஆனால் எடையும் கூடவே வருகிறது. 42 மில்லிமீட்டர் பைனாகுலர் 600 கிராமை ஒட்டி இருந்தால், 50 மில்லிமீட்டர் 800 கிராமைத் தொட்டுவிடும். காலையிலிருந்து மாலை வரை கழுத்தில் தொங்குகிற 800 கிராம் மத்தியானத்துக்குள் பைக்குப் போய்விடும். பையில் இருக்கும் பைனாகுலர் எத்தனை மடங்கு என்பது யாருக்கும் தேவையில்லாத விவரம். எட்டை விட்டுக்கொடுக்காமல் இன்னும் லேசாக வேண்டும் என்பவருக்கு 8×32 இருக்கிறது. ஒளிவட்டம் 4 மில்லிமீட்டர். அதாவது வெளிச்சத்தில் 10×42-க்கு ஏறக்குறைய சமம், எடையோ எவ்வளவோ குறைவு.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். பைனாகுலர் விளம்பரங்களில் 'அந்திநேர எண்' என்று ஒன்று போடுவார்கள். உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த எண். 8×42-க்கு 18.3 வரும், 10×42-க்கு 20.5 வரும். "பாருங்கள் சார், அந்தி வெளிச்சத்துக்கும் பத்துதான் நல்லது" என்று கடைக்காரர் அட்டையைக் காட்டுவார். இதே சூத்திரத்தில் 50 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ள ஒரு பொம்மைத் தொலைநோக்கியைப் போட்டுப் பாருங்கள். 45.8! உலகத்தின் மிகச் சிறந்த அந்திநேரக் கருவி அதுதான் என்றாகிவிடும். அதில் பார்த்தால் கும்மிருட்டுதான் தெரியும். மங்கலில் உருவம் பெரிதாக இருந்தால் விவரம் தெரியும் என்ற ஒரு பாதி உண்மை அந்தச் சூத்திரத்தில் இருக்கிறது. கண்ணாடியின் தரமோ, கை நடுங்குவதோ அதில் எங்கேயும் இல்லை.

ஜெர்மனியில் காட்டுப்பன்றியை நிலா வெளிச்சத்தில் பரண் மேல் உட்கார்ந்து வேட்டையாடுவார்கள். இருட்டையே தொழிலாகக் கொண்ட அவர்கள் காலம் காலமாக வைத்திருப்பது 8×56. ஏழு மில்லிமீட்டர் ஒளிவட்டம். லென்ஸை அவ்வளவு பெரிதாக்கியவர்கள் உருப்பெருக்கத்தை எட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் ஆட்களுக்குக் கொடுத்தது 6×30. கடற்படைக்கு 7×50. உயிரைப் பணயம் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஆறும் ஏழும் போதுமாக இருந்திருக்கிறது.

மூன்றாவது விலை, பார்வைப் பரப்பு. இந்த விலை வரம்பில் நன்றாக விற்கும் வார்டெக்ஸ் டைமண்ட்பேக் எச்டியை எடுத்துக்கொள்ளலாம். 1000 கஜத் தூரத்தில் 8×42-இல் 393 அடி அகலம் தெரியும், 10×42-இல் 330 அடி. காட்டில் 60 கஜத்துக்குக் கணக்குப் போட்டால் 23 அடிக்கும் மேல் ஒன்று, 20 அடிக்குள் மற்றொன்று. மூன்று நான்கு அடிதானே என்று தள்ளிவிடக் கூடாது. வெறும் கண்ணால் ஓர் அசைவைப் பார்த்துவிட்டு பைனாகுலரைத் தூக்குகிறவர் முதலில் தேட வேண்டியிருக்கும். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி பழுப்பு இலை. அகலம் குறைந்தால் தேடும் நேரம் கூடும். மான் அதுவரை நின்றுகொண்டிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கூடவே, குறைந்த உருப்பெருக்கத்தில் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் அதிகம். கிளை, புதர், மான் என்று ஒவ்வொன்றுக்கும் குவியச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் வசதி பற்றிய பேச்சு. உண்மையில் என்ன பணயத்தில் இருக்கிறது என்பதற்கு இனிதான் வர வேண்டும்.

வேட்டைக்காரரிடம் பெரிதாக்கிக் காட்டும் கருவி இன்னொன்றும் உண்டு. துப்பாக்கியின் மேலே பொருத்தியிருக்கும் ஸ்கோப். கழுத்தில் தொங்கும் பைனாகுலர் கனமாகவோ, ஆடிக்கொண்டோ, மங்கலாகவோ இருந்தால் என்ன ஆகும்? "எதற்கு வம்பு, ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றிவிடும். ஸ்கோப்பில் பார்ப்பது என்றால் குண்டு போட்ட துப்பாக்கியை அதை நோக்கி நீட்டுவது என்று அர்த்தம். புதருக்குப் பின்னால் அசைந்தது இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால், அவர் துப்பாக்கி முனையில் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல். இலக்கு எது என்பதையும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் உறுதி செய்துகொள்ளாமல் துப்பாக்கியைத் திருப்பாதே என்பது அமெரிக்காவில் உரிமம் வாங்கும் முன் படிக்க வேண்டிய பாதுகாப்பு வகுப்பின் அரிச்சுவடி. பென்சில்வேனியாவில் துப்பாக்கி சீசனில் 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சுத் துணி உடம்பில் தெரிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் முன்னால் ஒரு அடிமரம் மறைத்துக்கொண்டிருந்தால் ஆரஞ்சும் கண்ணில் படாது. அந்தியில் நிறங்களும் வெளுத்துப்போகும்.

மனிதரை விடுங்கள், மானுக்கே வருவோம். அதே மாநிலத்தில் 2002 முதல் கொம்பு விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. இளம் ஆண் மான்கள் வளரட்டும் என்பதற்காகக் கொண்டுவந்தது. பெரும்பாலான பகுதிகளில் ஆண் மானின் ஒரு பக்கக் கொம்பிலாவது மூன்று முனைகள் இருந்தால்தான் பெரியவர்கள் அதைச் சுடலாம். சிறுவர்களுக்குத் தளர்வு உண்டு. முனை என்பது ஒரு அங்குலம் நீளமிருந்தாலே முனைதான். மாலை, மறைவுக்குப் பின் இருபது நிமிடம். 60 கஜத்தில் ஒரு மான், தலையைக் குனிந்துகொண்டு ஓக் கொட்டை பொறுக்குகிறது. கொம்புக்குப் பின்னால் அதே நிறத்தில் நூறு சுள்ளிகள். இரண்டா, மூன்றா? இதற்குப் பதில் சொல்லத்தான் பைனாகுலர் வாங்கினது. நடுங்காமல், பிரகாசமாக, பட்டென்று கண்ணுக்குள் வந்து நிற்கும் படம் வேண்டும். இரண்டு கஜம் கிட்டே வந்தாலும் ஆடுகிற, மங்கின படம் அங்கே உதவாது. எண்ண முடியாவிட்டால் சுடாமல் இருக்கலாம்தான். நல்ல வேட்டைக்காரர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். எண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டு சுடுவதுதான் பிரச்சினை.

சரி, நடுத்தர விலை ஏன்? மேலே போனால் சுவரோவ்ஸ்கி, ஜெய்ஸ், லைக்கா என்று 2000, 3000 டாலர் பைனாகுலர்கள் இருக்கின்றன. கீழே போனால் 50 டாலருக்கும் கிடைக்கிறது. நடுவில் நிற்கச் சொல்வது பயந்த சுபாவம் இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நான்கு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் பத்துப் பரப்புகள் இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி. இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை 1935-இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தார். இன்று நேராக ஒல்லியாக வரும் பைனாகுலர்களின் பட்டகங்களில் இன்னொரு கோளாறு உண்டு. வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து சேரும்போது விவரம் கொஞ்சம் மழுங்கிவிடும். அதைச் சரிசெய்யும் 'ஃபேஸ்' பூச்சு 1988-இல் வந்தது, அதுவும் ஜெய்ஸ்தான். பட்டகத்தின் ஒரு பரப்பில் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் பூச்சும் வேண்டும். அலுமினியம் பூசினால் பத்து சதவீதம் போல நஷ்டம். 'டைஎலக்ட்ரிக்' அடுக்குப் பூச்சானால் நஷ்டம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் இவையெல்லாம் பணக்காரர் சமாச்சாரம். இன்று 200, 300 டாலர் பைனாகுலரிலேயே மூன்றும் வந்துவிட்டன. 50 டாலரில் இன்னும் இல்லை. அதனால்தான் இந்த இடத்தில் கோடு போட வேண்டியிருக்கிறது.

மேலே போனால் எதுவும் கிடைக்காதா? கிடைக்கும். படத்தின் ஓரம் வரை கூர்மை, எதிர் வெயிலில் வெளிறாத தன்மை, பதினைந்து இருபது வருடம் உழைக்கும் உடம்பு. ஆனால் வெளிச்சக் கணக்கை மட்டும் பாருங்கள். 10×42-இல் மிக உயர்ந்த ரகம் 92 சதவீத வெளிச்சத்தைக் கடத்துகிறது, 8×42-இல் சுமாரான ரகம் 85 சதவீதம் கடத்துகிறது என்று வைத்துக்கொண்டாலும், விரிந்த பாவைக்குள் போய்ச் சேருவது 16-க்கு 23 என்ற விகிதத்தில். 2000 டாலர் கொடுத்துச் சம்பாதிக்கும் ஏழு சதவீதத்தை எட்டு மடங்கைத் தேர்ந்தெடுக்கும் ஒரே முடிவு சும்மா தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. மிச்சமாகும் காசில் துப்பாக்கிப் பயிற்சிக்குத் தோட்டா வாங்கலாம்.

பத்தை ஆதரிக்கிறவர்கள் முட்டாள்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மேற்கே போனால் கதை வேறு. அரிசோனா மலைகளில் கூஸ் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் 15×56 பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, எதிர்மலைச் சரிவை மணிக்கணக்காக அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். அங்கே மைல் கணக்கில் திறந்த வெளி, அசையாத முக்காலி, அவசரமில்லாத நேரம். அவர்கள் செய்வது முழுக்கச் சரி. சிக்கல் என்னவென்றால் வேட்டைப் பத்திரிகைகளிலும் வீடியோக்களிலும் அந்த மேற்கத்திய மலைகள்தான் அழகாக இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு, நாற்பது கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத பென்சில்வேனியா மரக்கூட்டத்துக்குள் உட்காரப் போகிறவரும் பன்னிரண்டு மடங்கு வாங்கி வருகிறார்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கடைக்காரரிடம் கேட்டு, வாசலுக்கு வெளியே, முடிந்தால் சாயங்காலம் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் கடைக்குள்ளேயே அலமாரிக்கு அடியிலுள்ள இருண்ட மூலையை நோக்கிப் பார்க்கலாம். முன்பு சொன்ன ஒளிவட்டம் சுத்தமான வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் பட்டகம் மலிவானது. தூரத்தில் ஒரு கம்பத்தைப் பார்க்கும்போது இரண்டாகத் தெரிந்தாலோ, கண் வலித்தாலோ, இரண்டு குழல்களும் ஒரே திசையில் இல்லை. கீழே வைத்துவிட வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுகிறவருக்குக் கண்ணருகு லென்ஸிலிருந்து 15 மில்லிமீட்டராவது தள்ளி வைத்தாலும் முழுப் படமும் தெரிய வேண்டும். உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து நீர் புகாமல் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் சூடான காரிலிருந்து பனிக்குள் இறங்கியதும் உள்பக்கம் ஆவி படிந்துவிடும். முன்லென்ஸ் மாணிக்கக் கல் மாதிரி சிவப்பாக மின்னினால் அழகாகத்தான் இருக்கும். சிவப்பை வெளியே திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே பச்சையாகக் காட்டும் வித்தை அது. பழுப்பு மானைப் பச்சையாகப் பார்க்க யாருக்கும் ஆசை இருக்காது. எட்டிலிருந்து இருபத்து நான்கு வரை உருட்டிக்கொள்ளலாம் என்று வரும் ஜூம் பைனாகுலர்கள் எந்த எண்ணிலும் உருப்படியாக இல்லை.

இதே கணக்கு துப்பாக்கி தொடாதவர்களுக்கும் பொருந்தும். வேடந்தாங்கலில் சாயங்காலம் கூட்டத்துக்குத் திரும்பும் பறவைகளைக் கரையில் நின்று வெறும் கையால் பார்க்கிறவருக்கும் எட்டுதான் சுகம்.

வாங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெரும்பாலோர் அதைச் செய்வதே இல்லை. வலது கண்ணருகு லென்ஸின் அடியில் தனியாக ஒரு வளையம் இருக்கும். இரண்டு கண்களுக்கும் பார்வை ஒரே மாதிரி இருக்காது என்பதற்காக வைத்தது. வலது முன்லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்து எழுத்து ஒன்றை நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடதை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் சீசன் முழுக்கக் கவலையில்லை. 500 டாலர் பைனாகுலர் 100 டாலர் மாதிரி தெரிகிறதே என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் பலர் இந்த வளையத்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள்.

கூடவே வரும் கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தோள் வழியாக மாட்டி மார்போடு ஒட்டி நிற்கும் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டால் நல்லது. அது 20, 30 டாலர் ஆகும். பழைய வீடுகளில் அலமாரி மேல் தாத்தா காலத்து 7×35 ஒன்று தோல் உறையோடு கிடப்பது அமெரிக்காவில் சாதாரணம். உள்ளே பூஞ்சை பிடிக்காமல், இரண்டு குழலும் ஒரே திசையில் பார்த்தால், புதிதாக எதுவும் வாங்காமல் அந்தச் சனிக்கிழமை விடியற்காலைக்கு அதையே எடுத்துக்கொண்டு போகலாம். மழை வந்தால் மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.